ஊசி ஒன்று, நீதி இரண்டா?

புதுக்கோட்டைச் சாலையில், விமான நிலையத்து வாசலில், ஒரு நாள் மாலை நின்று பார்த்தால் போதும் தோழர்களே, தமிழனின் உழைப்பு எங்கெங்கே விலைபோகிறது என்பது விளங்கிவிடும். பெரம்பலூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சைச் சிற்றூர்களிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். ஒருவனை வழியனுப்பப் பத்துப் பேர்! தாய் நெற்றியிலே திருநீறு இடுகிறாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். பிள்ளையோ அப்பாவின் பெட்டியை விடமாட்டேன் என்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு - போகும் ஊர் வேறு வேறு. போகும் காரணம் ஒன்றே. வயிறு!

அந்த வயிற்றுக்கும் விமானத்துக்கும் நடுவே, 2021-ஆம் ஆண்டில் ஒரு காகிதம் வந்து நின்றது. தடுப்பூசிச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். "கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். வீடு எரிகிறபோது தண்ணீர் தூக்கத்தான் நேரம் இருக்கும். கூரையை இனி எதனால் வேய்வது என்று யோசிப்பது தீ அணைந்த பிறகுதானே!

திருச்சிக்கு இந்தக் கதை புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904-இல் ஏற்பட்ட தொழிலாளர் கமிஷன் தன் தலைமை நிலையத்தை வைத்தது இதே திருச்சியிலேதான். இங்கே பெயர் எழுதப்பட்ட ஏழைகள் ரயிலேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். முகாமை நடத்தியது இலங்கைச் சர்க்கார். முகாம் இருந்ததோ நம் இராமநாதபுரம் மண்ணில்! அங்கே அவர்களைச் சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்று காட்ட, எண் பொறித்த தகரத் துண்டு. கழுத்திலே தகரம், கையிலே அம்மைத் தழும்பு - அதுதான் அந்நாளில் ஏழையின் பாஸ்போர்ட்!

பிறகு காலம் மாறிற்று. 1951-இல் உலக நாடுகள் கூடி, சுகாதார விதிகளை ஒன்றாக வகுத்தன. அம்மை, காலரா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஊசி போட்டதை ஒரே மாதிரிச் சான்றில் எழுதி முத்திரை இட்டால், எல்லா நாடும் ஏற்க வேண்டும் என்றாயிற்று. அம்மைக்கு மூன்றாண்டு, காலராவுக்கு ஆறு மாதம் என்று தவணையும் குறித்தார்கள். லண்டனில் குத்திய அம்மைக்கு ஒரு மதிப்பு, திருச்சியில் குத்திய அம்மைக்கு வேறு மதிப்பு என்று அந்த விதி சொல்லவில்லை. 1980-இல் அம்மை நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்தச் சான்றுக்கும் வேலை இல்லாமற்போயிற்று.

அப்படியானால் 2021-இல் நடந்தது என்ன? பொதுச் சான்று எழவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிப் பார்த்தது. கேட்டவர் யார்? ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டது. பட்டியலில் உள்ள ஊசியைப் போட்டவன் உள்ளே, மற்றவன் வெளியே!

பிரிட்டன் செய்ததைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஜெனகா கம்பெனியும் கண்ட மருந்தைத்தான் பூனாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் செய்தார்கள். பூனாவில் செய்த அந்த மருந்தில் 50 லட்சம் ஊசிகளை 2021 மார்ச் மாதத்தில் பிரிட்டனே வாங்கிக்கொண்டது. வெள்ளையர் கையில் ஏறியபோது அது நல்ல மருந்து! அதே ஆண்டு செப்டம்பரில் புதுப் பயண விதி வந்தபோது, அதே மருந்தை இந்தியாவில் போட்டவர், ஊசியே போடாதவராகக் கருதப்பட்டார். பத்து நாள் தனித்திருக்க வேண்டும் என்றார்கள். கூச்சல் எழுந்ததும், "மருந்தில் குறையில்லை, உங்கள் சான்றிதழில்தான் சந்தேகம்" என்று பேச்சை மாற்றினார்கள். இந்திய சர்க்காரும் அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷாருக்கு அதே பத்து நாளை விதித்தது. அக்டோபர் 11-இல் பிரிட்டன் தடையை நீக்கிற்று. சரிசமமாக நின்று கேட்ட ஒரு வாரத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டதே, எப்படி என்று கேட்கிறோம்!

ஆனால், தோழர்களே, பிறர் குற்றத்தை மட்டும் பேசி நம் குற்றத்தை மறைப்பது நேர்மையல்ல. நம் சான்றிதழில் பிறந்த தேதி முழுமையாக இல்லை. பிரச்சினை முற்றிய பிறகே அதைச் சேர்த்தார்கள். பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதியும் ஜூன் மாதக் கடைசியில்தான் வந்தது. 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு 12 முதல் 16 வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். விசா முடியப்போகிறவன் என்ன செய்வான்? ஜூன் 7-இல்தான், வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போவோர் 28 நாளுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம் என்று விலக்கு வந்தது.

கோவாக்சின் போட்டவர் பாடு இன்னும் கொடிது. 2021 ஜனவரி 16-இல் போடத் தொடங்கிய அந்த ஊசி, உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது நவம்பர் 3-இல்! ஒன்பதரை மாதம்! ஒரு பிள்ளை கருவாகிப் பிறக்கும் காலம்! முகாமுக்கு எந்த மருந்து வந்ததோ அதற்குக் கையை நீட்டினான் தொழிலாளி. "நீ வளைகுடாவுக்குத் திரும்பவேண்டியவன், இந்த ஊசியை அங்கே ஏற்பார்களா என்று பார்த்துக்கொள்" என்று வரிசையில் நின்றவனிடம் சொல்ல ஒருவர் இருந்தாரா? சொல்லியிருக்க வேண்டியது சர்க்காரின் கடமை அல்லவா?

காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அரியமங்கலத்து வெல்டர், விசா கையிலிருந்தும் வீட்டிலே முடங்கினான். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில், அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குப் போகக் காத்திருந்த தாய், அதே கோவாக்சினைப் போட்டுக்கொண்டு தேதியை எண்ணினாள். நவம்பர் 8-இல் அமெரிக்கா கதவைத் திறந்தபோது, ஐந்து நாள் முன்புதான் அவள் ஊசிக்கு அங்கீகாரம் கிடைத்திருந்தது. அந்த ஐந்து நாள் தவறியிருந்தால்? ஜாதி பார்க்காத நோய் அது. ஆனால் தாமதத்தின் விலை மட்டும் ஒன்றல்ல. தாய்க்குப் போனது நாள். தொழிலாளிக்குப் போனது சோறு!

நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கென்று சிங்கப்பூர் தனி வழி திறந்தது. எங்கிருந்து? சென்னை, டெல்லி, பம்பாய்! சிங்கப்பூரை வீட்டு முற்றம்போல் பழகிய திருச்சிக்கு அதில் இடமில்லை.

இவற்றிலிருந்து நாம் கேட்பது என்ன? நோயைத் தடுக்கச் சான்று கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நலமும் நம் நலமே. ஒரே ஊசிக்கு ஒரே மதிப்பு வேண்டும் என்கிறோம். அது ஆகாத காரியமல்ல; மஞ்சள் காய்ச்சலுக்கு இன்றும் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் போட்டு முத்திரை பெற்ற அந்த மஞ்சள் அட்டை, எந்த நாட்டான் கையில் இருந்தாலும் செல்லும். அடுத்த கொள்ளைநோய் வரும் முன்பே அப்படியொரு பொதுச் சான்றுக்கு நாடுகள் உடன்பட வேண்டும். உள்ளூரில் போடும் ஊசி எங்கே ஏற்கப்படும் என்பதைப் போடும் இடத்திலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதுவரை தோழர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. சான்றிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ தகப்பன் பெயர் முழுமையாக வரும். இந்தச் சிறு வேற்றுமை அயல்நாட்டு அதிகாரிக்குப் பெரிய சந்தேகம். ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போவோர், புறப்படப் பத்து நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 2016 ஜூலை முதல் அந்தச் சான்று ஆயுள் முழுதும் செல்லும். நோயுள்ள நாட்டிலிருந்து அது இல்லாமல் திரும்பினால், நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனியே வைப்பார்கள். "ஊசி வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், அவன் விற்பது அட்டையை அல்ல, உங்கள் உயிரை!

மண்டபத்திலே பாட்டன் கழுத்தில் தகரம் தொங்கிற்று. பேரன் கையிலோ இன்று செல்போன், அதிலே சான்றிதழ். தகரம் போய்விட்டது, தராசு மட்டும் இன்னும் சாய்ந்தே நிற்கிறது. அதை நிமிர்த்தும் வேலை பாக்கி இருக்கிறது, தோழர்களே!