மூக்குக்கும் உண்டு முறைவாசல்

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இடது மூக்கு அடைக்கிறது. புரண்டு படுத்தால் அது திறந்து வலது அடைக்கிறது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இது என்ன வியாதி?’

வியாதியே இல்லை ஐயா. உங்கள் மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறது.

நுரையீரல், மூச்சுக்குழாய், உதரவிதானம் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டோம். அந்தப் படத்தில் மூக்குக்குக் கிடைத்தது ஓர் அம்புக்குறிதான். நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கி உள்ளே அனுப்பும் உறுப்புக்கு இது பெரிய அநியாயம்.

மூக்கின் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் மூன்று எலும்பு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சதை. இரத்தம் நிரம்பினால் சதை உப்பும், வழி குறுகும். வடிந்தால் வழி அகலும். மூக்கடைப்பு என்றாலே சளிதான் என்று நினைக்கிறோம். பல நேரம் வழியை மறிப்பது இந்த உப்பிய சதையே.

வேடிக்கை என்னவென்றால், நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உப்புவதில்லை. சில மணி நேரம் வலது பக்கம் விரியத் திறந்திருக்கும், இடது ஒடுங்கியிருக்கும். பிறகு மாறிக்கொள்ளும். மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் முறைவாசல் வைத்துக் கோலம் போட்டார்களே, அந்த ஏற்பாடுதான். மேற்பார்வை தானியங்கி நரம்பு மண்டலத்துடையது. நம்மை யாரும் கேட்பதில்லை. உள்ளே போகும் மொத்தக் காற்று ஏறக்குறைய மாறாததால் நமக்குத் தெரிவதும் இல்லை. மூக்குக்கு அடியில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து மூச்சு விடுங்கள். படியும் ஆவியில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும்.

மேற்கு மருத்துவத்தில் இதை 1895இல் விவரித்தவர் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர். நம் சித்தர்கள் அதற்கு வெகு காலம் முன்பே சரம், அதாவது மூச்சோட்டம், பார்த்தவர்கள். இடது மூச்சு இடகலை, வலது பிங்கலை. சரம் பார்த்துப் புறப்பட்டால் போன காரியம் ஜெயிக்கும் என்ற பேச்செல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் மூச்சு பக்கம் மாறுவதைக் கவனித்தார்களே, அந்தக் கவனிப்பு அசல். யோகிகள் அக்குளில் முட்டுக்கொடுத்து உட்காரும் யோகதண்டத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்க அக்குளை அழுத்தினால் அந்தப் பக்க மூக்கு ஒடுங்கி எதிர்ப்பக்கம் திறக்கும். இதை நவீன ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுவே. இடது கை கீழே இருக்கப் படுக்கச் சொன்னார் சித்தர் தேரையர். அப்படிப் படுத்தால் வலது மூக்கு திறக்கும்.

ஒரு பக்கம் ஒடுங்குவது ஏன்? அந்தப் பக்கம் உலர்ந்துபோகாமல் ஈரத்தை மீட்டுக்கொள்ள என்பது ஒரு விளக்கம். மோப்பத்துக்கும் இதில் லாபம் உண்டு. 1999இல் நோம் சோபலும் அவருடைய சகாக்களும் காட்டியது இது: சில வாசனைகள் காற்று வேகமாகப் போகும் துளையில் நன்றாகப் பிடிபடும், சில மெதுவாகப் போகும் துளையில். ஆக, திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது நாறும் அடையாற்றை நாம் இரண்டு விதமாக முகர்ந்துகொண்டு போகிறோம். ஆற்றை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு துளை போதும்.

இப்படி ஓசைப்படாமல் நடக்கும் வேலையைத்தான் ஒரு சின்னக் குப்பியால் கெடுத்துக்கொள்கிறோம். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஐந்து பத்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். சில நாளைக்கு மேல் போடக்கூடாது. ஆனால் மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கிறது; தலையணைக்கடியில் மாதக்கணக்கில் குடியிருக்கிறது. நாள்பட நாள்பட, மருந்தின் வேகம் தணிந்ததும் சதை முன்னிலும் அதிகமாக உப்பும். அடைப்புக்குப் போட்ட மருந்தே அடைப்பைத் தரும். அதற்கு மறுபடியும் மருந்து.

இதைவிடத் தைலம் எவ்வளவோ சாது. லஸ்ஸில் பூங்காவுக்குப் பெயராக இருக்கும் நாகேஸ்வர ராவ், அமிர்தாஞ்சனம் தைலத்தைத் தொடங்கியவர். தைலங்களில் இருக்கும் மெந்தால் மூக்கின் வழியை அகலமாக்குவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, காற்று தாராளமாக வருவதாக நம்ப வைக்கிறது. பெரியவர்கள் தாராளமாக ஏமாறலாம். கைக்குழந்தையின் மூக்கில் மட்டும் தடவாதீர்கள்.

கடிதம் எழுதியவர் தலைமாட்டைச் சற்று உயர்த்திப் பார்க்கட்டும். பக்கம் மாறாமல் எப்போதும் ஒரே மூக்கு அடைத்திருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, வாசனை தெரியாமல் போனாலோ அது முறைவாசல் கணக்கில் சேராது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.