ஆண் நாயின் சிறுநீர்ப் பழக்கம்: காரணமும் பரிகாரமும்

புனே நகரிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் 1919-ஆம் ஆண்டில் தொடங்கி 1966-இல் நிறைவேற்றிய பெரும்பணி, மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பாகும். அந்நூலின் ஆதி பருவத் தொடக்கத்திலேயே ஒரு நாயின் வழக்கு வருகிறது. ஜனமேஜயனின் வேள்விச்சாலைக்கு வந்த நாய் ஒன்றை அவனுடைய தம்பியர் அடித்துத் துரத்துகின்றனர். அது அழுதுகொண்டே தாய் சரமையிடம் ஓடுகிறது. வேள்விப் பொருளைத் தன் மகன் நோக்கவுமில்லை, நக்கவுமில்லை. அவ்வாறிருக்க அவனை அடித்தது எதற்காக என்று சரமை வந்து கேட்கிறாள். விடையளிப்பார் எவருமில்லை.

அதே நகரின் இன்றைய இல்லங்களிலும் இக்கேள்வி எழக்கூடும். பழைய பேட்டைகளின் நெருக்கமான வீடுகளிலும் புதிய அடுக்குமாடிகளிலும் வளரும் ஆண் நாய், கதவு நிலை, நாற்காலிக் கால், வாயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சக்கரம் ஆகியவற்றில் சிறுநீர் கழிக்கிறது. வளர்ப்போர் அடிக்கின்றனர், பழக்கம் நிற்பதில்லை. முடிவில் நாய் தெருவில் விடப்படுவதும் உண்டு. இத்தொல்லைக்குக் காரணம் ஒன்றன்று, மூன்று. காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

மூவகைக் காரணங்கள்

முதலாவது, சிறுநீர்ப்பை நிறைந்ததால் கழிப்பது. இதில் அளவு மிகுதி. பெரும்பாலும் தரையிலேயே தேங்கும். உரிய நேரத்தில் வெளியே அழைத்துச் செல்லாமையே இதற்குக் காரணம். இரண்டாவது, அடையாளமிடுவது. இதில் அளவு மிகக் குறைவு. நிமிர்ந்து நிற்கும் பொருள்களின்மீது, பல இடங்களில், காலைத் தூக்கித் தெளிக்கும். மூன்றாவது, நோய். அடிக்கடி முக்குதல், சொட்டுச்சொட்டாகக் கழிதல், இரத்தம் காணல், உறக்கத்தில் கசிதல், மிகுந்த தாகம் ஆகியன இதன் அறிகுறிகள். முயன்றும் சிறுநீர் வெளிவராவிடில் அது உயிருக்கே ஆபத்தான நிலை. தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். வயது முதிர்ந்த ஆண் நாய்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்து இடர் செய்வதும் உண்டு.

குள்ளமான, சடை மிகுந்த நாய்கள் தம் முன்னங்கால்களையும் வயிற்றையும் நனைத்துக்கொள்வதுண்டு. சிறுநீர்த் துவாரத்தைச் சூழ்ந்த உரோமத்தைக் கவனத்துடன் கத்தரித்து, ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் துர்நாற்றமும் தோல் புண்ணும் தவிர்க்கப்படும்.

அடையாளத்தின் பொருள்

ஆண் குட்டிகள் முதலில் குந்தியே சிறுநீர் கழிக்கின்றன. பருவம் எய்தும்போது, ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் காலைத் தூக்கும் பழக்கம் வலுப்பெறுகிறது. மற்றொரு நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் மணத்தைப் பதித்துவைப்பதே இதன் பயன். அம்மணத்தை நுகரும் நாய், முன்பு வந்து சென்றது ஆணா பெண்ணா, இனச்சேர்க்கைக்கு உரிய பருவத்தினதா என்பன போன்ற செய்திகளை உணர்கிறது.

மேற்கு வங்காளத்தில் தெரு நாய்களை ஆராய்ந்து சுனில் குமார் பால் 2003-இல் வெளியிட்ட ஆய்வும், பெண் நாய்களைவிட ஆண் நாய்களே மிகுதியாக அடையாளமிடுகின்றன என்று காட்டிற்று. எனவே புதிய நாற்காலி, விருந்தினரின் செருப்பு, அயல் நாயின் வருகை ஆகியவை வீட்டு நாயை அடையாளமிடத் தூண்டுவதில் வியப்பில்லை. அது வஞ்சம் தீர்ப்பதன்று.

பரிகாரங்கள்

காலையில் விழித்தவுடனும், உணவுக்குப் பின்னரும், விளையாடிய பின்னரும், இரவில் உறங்குமுன்னரும் நாயை ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்க. அங்கு சிறுநீர் கழித்த அக்கணமே தட்டிக்கொடுத்துச் சிறு தின்பண்டம் அளிக்க வேண்டும். பின்னர் அளிப்பதனால் பயனில்லை. வீட்டினுள் மேற்பார்வையின்றித் திரிய விடலாகாது. மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் அடிப்பதும் நாய்க்கு ஒன்றையே கற்பிக்கும்: மனிதர் பார்க்கும்போது கழிக்கலாகாது என்பதை. அதன்பின் அது மறைவிடம் தேடும்.

கழித்த இடத்தின் மணம் எஞ்சியிருப்பின் நாய் மீண்டும் அங்கேயே வரும். பினாயிலின் கடுமணம் நம் மூக்கை ஏமாற்றலாம். நாயின் மூக்கை ஏமாற்றாது. சிறுநீரிலுள்ள யூரியா நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியாவாகிறது; ஆகவே அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களை விலக்குக. முதலில் துணியால் ஒற்றியெடுத்து, நீரால் கழுவி, என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலால் துடைப்பது நலம். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் தீங்கான வாயு எழும். வினிகருடன் அதனைச் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

விதையகற்றும் அறுவை பலருக்கு நினைவு வரும் பரிகாரம். கலிபோர்னியாவில் 1976-இல் வெளியான ஆய்வில், வீட்டினுள் அடையாளமிடும் பழக்கம் ஏறத்தாழப் பாதி நாய்களிடம் குறைந்தது. 1997-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அறுபது சதவிகிதத்திற்கும் மேற்பட்ட நாய்களிடம் இப்பழக்கம் பாதியளவோ அதற்கு மேலோ தணிந்தது. ஆகவே அறுவை துணை செய்யும். ஆனால் பயிற்சிக்கு அது மாற்றாகாது.

மழைக்காலத்தில் கவனம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழைக்காலம். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமிகள், எலிகள் முதலிய பிராணிகளின் சிறுநீர் வழியாக நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கின்றன. நோய் கண்ட நாய், வெளித்தோற்றத்தில் நலமாயிருந்தும் கிருமிகளை வெளியேற்றக்கூடும். காலில் புண்ணுள்ளோர் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடத்தலாகாது. சிறுநீரைத் துடைக்குமுன் கையுறை அணிக. பின்னர் சோப்பினால் கைகழுவுக. நாய்க்கு உரிய தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவித்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

பள்ளிக்கருகிலுள்ள விளக்குக் கம்பம் ஒன்றை மாணவர்கள் தொலைவிலிருந்து அரைமணி நேரம் கவனிக்கட்டும். எத்தனை நாய்கள் வந்தன, எவை முகர்ந்தபின் காலைத் தூக்கின, எவை குந்தின என்று பட்டியலிடட்டும். நாயை நெருங்கவோ தொடவோ கூடாது என்பதை முன்கூட்டியே வலியுறுத்துக. ஒரு வாரப் பட்டியலிலிருந்து மாணவர் தாமே முடிவுக்கு வருதல், பாடநூல் வரிகளை மனனம் செய்வதினும் மேலானது.

கிராமங்களுக்கும் நகர்ப்புறங்களுக்கும் செல்லும் களப்பணியாளர்களும் ஒரு செய்தியை எடுத்துச் செல்லலாம். கோலை ஓங்குமுன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: எவ்வளவு, எவ்விடத்தில், எவ்வேளையில். அம்மூன்றையும் பார்த்தவர் காரணத்தை அறிவர். காரணத்தை அறிந்தவர் கோலைக் கீழே வைப்பர். சரமையின் கேள்விக்கு அன்று கிட்டாத விடை, நம் இல்லங்களிலேனும் அவ்வாறு கிட்டட்டும்.