ஒரே முடக்குவாதம், ஒரே ஊசி... ஒருவருக்கு கேட்கிறது, இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை? மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் விஞ்ஞானிகள்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. டம்ளரைப் பிடிக்க வரலை, சட்டை பட்டனை மாட்ட முடியலை. ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே ஆன பிறகுதான் கை இளகி வழிக்கு வருது. "வீட்டு வேலை ஜாஸ்தி, தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அப்புறம் ஒருநாள் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால், முடக்குவாதம் என்கிறார் டாக்டர்.

இப்போது ஒரு சூழலை கற்பனை செய்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே வயதில் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே நோய், ரிப்போர்ட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாத்திரை போதவில்லை என்பதால் இருவருக்கும் ஒரே விலை உயர்ந்த ஊசி ஆரம்பிக்கப்படுகிறது. மூன்று மாதத்தில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து கோலம் போடுகிறார். இன்னொருவருக்கு வீக்கம் அப்படியே இருக்கிறது. "வேற மருந்து மாத்திப் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். அந்த 'மாத்திப் பார்க்கலாம்'-க்குள் இன்னும் சில மாதம் போய்விடும். அதற்குள் மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுவிட்டால், போனது போனதுதான்.

முதல் தடவையே சரியான மருந்தை கண்டுபிடித்துக் கொடுக்க முடியாதா? இந்தக் கேள்விக்கான பதிலை வீங்கிய மூட்டின் சவ்விலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், இது தேய்மானம் இல்லீங்க!

மூட்டுவலி என்றாலே தேய்மானம் என்று நினைப்பது நம்மிடம் பழகிப்போன ஒன்று. வயதாக ஆக குருத்தெலும்பு தேய்வது வேறு. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வேறு. இதில் நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குகிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் 1.8 கோடி பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் சுமார் 70 சதவீதம் பேர் பெண்கள்.

பெயரும் ஒரு பிரச்சனைதான். 'முடக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் "கை கால் முடங்கிடுமா?" என்று பதறுபவர்கள் உண்டு. பக்கவாதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பக்கவாதம் மூளையின் ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. அது வேறு நோய், இது வேறு நோய். அதேபோல, முடக்குவாதம் வந்த எல்லோரும் முடங்கிப்போவதும் கிடையாது. சீக்கிரமே சிகிச்சை தொடங்கியவர்களில் பலர் சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிறார்கள்.

மூட்டுக்குள்ளே என்னதான் நடக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடத்தை ஒரு உறை மூடியிருக்கும். அந்த உறையின் உட்பக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் பெயர் சைனோவியம். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய உதவும் திரவத்தைச் சுரப்பது இதன் வேலை. ஆரோக்கியமான மூட்டில் இந்த சவ்வின் மேல்பரப்பு ஒன்றிரண்டு செல்கள் தடிமன்தான் இருக்கும்.

முடக்குவாதம் வந்துவிட்டால் அதே சவ்வு 10 அடுக்குக்கும் மேல் தடித்துவிடுகிறது. ரத்தத்தில் இருந்து நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்து குடியேறுகின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஓரங்களில் இந்தத் திசு படர்ந்து குருத்தெலும்பின் மேல் ஏறி, எலும்பையும் அரிக்கிறது. வெளியே நமக்குத் தெரிவது வீக்கமும் சூடும் வலியும் மட்டும்.

லண்டன் ஆய்வகத்தில் ஒரு தட்டு

1980-களில் லண்டன் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். இன்னொருவர் ரவீந்தர் மைனி, நம்ம பஞ்சாப் லூதியானாவில் 1937-ல் பிறந்தவர். நோயாளிகளின் மூட்டில் இருந்து எடுத்த சவ்வு செல்களை அவர்களது குழு ஆய்வகத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தது. வெளியில் இருந்து யாரும் தூண்டாமலேயே அந்த செல்கள் அழற்சியைக் கிளப்பும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருந்தன.

அதிலும் ஒன்றிரண்டு இல்லை, பல வகைப் புரதங்கள். "ஒன்றை மட்டும் தடுத்தா என்ன பிரயோஜனம், மற்றது அந்த வேலையைச் செய்துடுமே" என்பதுதான் அப்போது பலருடைய எண்ணம். நியாயமான சந்தேகம்தானே!

ஆனால் ஃபியோனுலா பிரென்னன் உள்ளிட்ட அந்தக் குழு, டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தது. ஆச்சரியம், இன்னொரு முக்கியமான அழற்சிப் புரதத்தின் சுரப்பும் கூடவே குறைந்தது. சீட்டுக்கட்டு வீட்டில் அடியில் உள்ள சீட்டை உருவியது போல! 1989-ல் இந்த முடிவு வெளியானது.

1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்டது. மொத்தம் 20 பேர். வீக்கமும் வலியும் குறைந்தன. ஆனால் மருந்தின் வீரியம் தீர்ந்ததும் நோய் திரும்பி வந்தது. அடுத்து 73 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. நான்கு வாரத்தில், மருந்து இல்லாத வெறும் திரவம் ஏற்றப்பட்ட 24 பேரில் 2 பேருக்குத்தான் முன்னேற்றம். அதிக அளவு மருந்து பெற்ற 24 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம்!

இன்று நாம் 'பயாலஜிக்' ஊசி என்று சொல்லும் மருந்துகளில் பெரும் பகுதி இந்த வழியில் வந்தவைதான். அத்தனைக்கும் ஆரம்பப்புள்ளி நோயாளியின் மூட்டுச் சவ்வு. எலியிலோ புத்தகத்திலோ தேடாமல் நோய் இருக்கும் இடத்திலேயே தேடினார்கள் என்பதுதான், இதைப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்போ அந்த இன்னொரு பெண்ணுக்கு?

இங்கேதான் சிக்கல். எந்த ஒரு பயாலஜிக் மருந்தை எடுத்துக்கொண்டாலும் சுமார் 40 சதவீதம் பேருக்கு போதிய பலன் கிடைப்பதில்லை. காரணம் தெரிய, மறுபடியும் மூட்டுச் சவ்வையே பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது அதற்கு பெரிய ஆபரேஷன் தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சவ்வின் சிறு துணுக்குகளை எடுத்துவிடலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோஸ்டான்டினோ பிட்சாலிஸ் தலைமையிலான குழு இந்த முறையில்தான் ஒரு பெரிய சோதனையை நடத்தியது. பெயர் ஆர்4ஆர்ஏ. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 164 நோயாளிகள். எல்லோருமே டி.என்.எஃப். தடுப்பு மருந்து கேட்காமல் போனவர்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ரிடுக்சிமாப் என்று ஒரு மருந்து இருக்கிறது. பி செல்கள் எனப்படும் ஒரு வகை வெள்ளை அணுக்களை அழிப்பதுதான் அதன் வேலை. ஒருவருடைய மூட்டுச் சவ்வில் பி செல்களே சொற்பம் என்றால், அந்த மருந்து அங்கே போய் எதை அழிக்கும்? அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழியில் வேலை செய்யும் டோசிலிசுமாப் நல்லதா?

2021-ல் முடிவு வந்தது. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தபோது இரண்டு மருந்துக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதே திசுவில் எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது படம் தெளிவானது. பி செல்கள் குறைவாக இருந்தவர்களில் ரிடுக்சிமாப் பெற்றவர்களுக்கு 36 சதவீதமும், டோசிலிசுமாப் பெற்றவர்களுக்கு 63 சதவீதமும் பலன் கிடைத்திருந்தது.

அதாவது, ரத்தப் பரிசோதனையில் ஒன்றாகத் தெரிகிற நோய், மூட்டுக்குள்ளே ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த அமெரிக்க - பிரிட்டன் கூட்டு ஆய்வும் இதையே காட்டியது. 79 பேரின் மூட்டுத் திசுவில் இருந்து 3,14,000-க்கும் மேற்பட்ட செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மூட்டு அழற்சியை ஆறு வகையாகப் பிரித்தார்கள். சிலருக்கு பி செல் கூட்டம், சிலருக்கு மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல்கள், சிலருக்கு சவ்வையே கட்டியெழுப்பும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்தான் அதிகம்.

உடனே நாளைக்கே எல்லோருக்கும் பயாப்ஸி என்று நினைத்துவிட வேண்டாம். பயாலஜிக் மருந்தே எடுத்திராதவர்களிடம் இதே பாணியில் 'ஸ்ட்ராப்' என்ற சோதனை நடந்தது. அதில் எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே மூட்டுத் திசுவை எடுத்துப் பார்த்து மருந்து முடிவு செய்வது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ஏன் அதே மூட்டு திரும்பத் திரும்ப வீங்குது?

நோயாளிகள் அடிக்கடி சொல்வது இது. "எனக்கு எப்பவுமே இந்த மணிக்கட்டுலதான் ஆரம்பிக்கும்." இதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. ஒருமுறை அழற்சிக்கு ஆளான ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை சின்ன தூண்டுதலுக்கே பெரிதாகக் கொந்தளிக்கின்றன என்று 2021-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. அதற்கு முன் 2019-ல், எலிகளில் இந்த செல்களில் இரண்டு தரப்பு இருப்பதும் தெரிந்தது. ஒரு தரப்பு அழற்சியைக் கிளப்புகிறது, இன்னொரு தரப்பு எலும்பை அரிக்கிறது.

விரல் நுனி ரத்தம் சொன்ன ரகசியம்

நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வில் ஒரு நோயாளி, வாரா வாரம் வீட்டிலேயே விரலில் குத்தி சில சொட்டு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒரு வருஷம் இல்லை, நான்கு வருஷம்!

நோய் திடீரென அதிகரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு ரத்தத்தில் பி செல்கள் கூடின. ஒரு வாரம் முன்பு, வழக்கமாக ரத்தத்தில் பார்க்க முடியாத, மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட் போலவே இருக்கும் செல்கள் தென்பட்டன. வீக்கம் வந்த நேரத்தில் அவை ரத்தத்தில் குறைந்துவிட்டன. அவை மூட்டுக்குள் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 'பிரைம்' செல்கள் என்று பெயர் வைத்தார்கள். 2020-ல் வெளியான இந்த ஆய்வில் மொத்தமே நான்கு நோயாளிகள்தான், அதனால் அவசரப்பட முடியாது. ஆனால் 'அடுத்த வாரம் வலி வரப்போகுது' என்று முன்கூட்டியே தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இன்றைக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

கை, கால் சின்ன மூட்டுகளில் இரண்டு பக்கமும் வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இது ஆறு வாரத்தைத் தாண்டினால் தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு மூட்டு வாத சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. பரிசோதனைகள் நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இருக்க வாய்ப்பு உண்டு. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் மாதக்கணக்கில் இதே மாதிரி வலி நீடிக்கும் என்பதால், அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே போட வேண்டும். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள், முக்கியமாக வீட்டில் பெரியவர்களுக்கு.

டி.என்.எஃப். தடுப்பு ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை எடுக்கச் சொன்னால் "எனக்கு இருமலே இல்லையே, எதுக்கு?" என்று கேட்காதீர்கள். உடலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சிறைபிடித்து வைத்திருப்பதில் அதே டி.என்.எஃப்.-க்கும் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். அப்படி மறைந்திருப்பது தெரிந்தால், முதலில் அதற்கான மாத்திரையைத் தொடங்கிவிட்டு, சில வாரம் கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள்.