படம் ஓடலைன்னா என்ன... மேடை இருக்கே!

தேனி, போடி, சின்னமனூர், கம்பம்... நீங்க எந்த ஊரா இருந்தாலும் சரி, இன்னிக்கு சாயங்காலம் வீட்டுப் பெரியவங்ககிட்ட 'மதுரை தங்கம் தியேட்டர்'னு மட்டும் சொல்லிப் பாருங்க. அடுத்த அரை மணி நேரத்துக்கு டி.வி. ரிமோட்டைத் தொட மாட்டாங்க!

1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோட திறந்த தியேட்டர் அது. சிவாஜி முதன்முதலா ஹீரோவா திரையில வந்த படம். ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல உட்காரலாம். 'ஆசியாவிலேயே பெரிசு எங்க ஊரு தியேட்டர்தான்'னு மதுரைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. அப்போ தேனியும் மதுரை மாவட்டம்தான். தனி மாவட்டம் ஆனது 1996-லதான். அதனால நம்ம பக்கத்துக்காரங்களுக்கும் அந்தப் பெருமையில பங்கு உண்டு.

இப்போ அங்கே போனா? தியேட்டர் இல்லை. இடிச்சாச்சு. அதே இடத்துல பெரிய ஜவுளிக்கடை. தீபாவளிக்குப் படம் பார்க்க முண்டியடிச்ச இடத்துல, தீபாவளிக்குத் துணி எடுக்க முண்டியடிக்கிறோம்!

ஓனரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ரெண்டாயிரத்து ஐந்நூறு சீட்டையும் தினமும் நாலு காட்சிக்கு நிரப்பணும்னா எந்தப் படத்தால முடியும்? டி.வி. வந்தது, கேபிள் வந்தது, சி.டி. வந்தது, மல்டிபிளெக்ஸ் வந்தது, இப்போ செல்போன்லயே படம். கூட்டம் குறையக் குறைய, நிலத்தோட மதிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தா கட்டடம் தோத்துடும், மனை ஜெயிச்சுடும்.

அப்போ பழைய தியேட்டருக்கு ரெண்டே வழிதானா? ஒண்ணு இடிக்கணும், இல்லைன்னா பூட்டுப் போட்டு வவ்வாலுக்கு வாடகைக்கு விடணுமா? மூணாவதா ஒரு வழி இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அதைப் பார்க்க முதல்ல மும்பைக்கு ஒரு டிக்கெட் போடுவோம்.

மும்பை: இருபத்து மூணு வருஷத் தூக்கம்

சர்னி ரோடு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கு ராயல் ஓபரா ஹவுஸ். அந்த ஏரியாவுக்கே இதுதான் பேரு. 1911-ல் இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வெச்ச அரங்கம். அப்போ வேலைகூட முழுசா முடியலை. அதுக்கப்புறமும் சில வருஷம் கட்டிக்கிட்டே இருந்தாங்க. வெளிநாட்டு ஓபரா, மராத்தி நாடகம், பால கந்தர்வா பாட்டுன்னு மேடை களைகட்டியது. பிரித்விராஜ் கபூரோட நாடகக் குழுவும் இங்கே நடிச்சிருக்கு.

அப்புறம் சினிமா வந்தது. 1930-களில் அரங்கத்தை மாத்திக் கட்டி முழுநேர தியேட்டர் ஆக்கினாங்க. 1952-ல் குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்து கைக்கு வந்தது. பல வருஷம் படம் ஓடுச்சு. கடைசியில கூட்டம் வரலை. 1993-ல் பூட்டு!

பூட்டின கட்டடம் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? மழைத் தண்ணி உள்ளே இறங்கும், சுவத்துல செடி முளைக்கும், மரம் உளுத்துப் போகும். இங்கேயும் அதேதான். ஆனா குடும்பத்துக்காரங்க இடிக்கலை. ஆபா நாராயண் லாம்பா என்கிற கட்டடக்கலை நிபுணர்கிட்ட வேலையை ஒப்படைச்சாங்க. பழைய கட்டடங்களுக்கு உயிர் கொடுக்கிறதுல கை தேர்ந்தவர்.

அவர் எடுத்தவுடனே பெயின்ட் டப்பாவைத் தூக்கலை. முதல் வேலை, கூரை ஒழுகாம, பால்கனி விழாம கட்டடத்தைப் பலப்படுத்துறது. சினிமாவுக்காகச் செஞ்ச மாற்றங்கள்ல பழைய அலங்காரம் நிறையக் காணாமப் போயிருந்தது. பழைய போட்டோக்களைத் தேடிப் பிடிச்சு, அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பச் செஞ்சாங்க. வருஷக்கணக்கில் வேலை.

2016 அக்டோபர்ல மறுபடி கதவு திறந்தது. மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்க நிகழ்ச்சி, அடுத்து பெட்ரீஷியா ரொசாரியோவின் ஓபரா கச்சேரி. சினிமாவுக்கும் மேடைக்கும் ஆளுக்கொரு மாலை! 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் வந்தது. இப்போ அங்கே இருக்கிறது சுமார் 575 சீட்தான். தங்கத்துல நாலுல ஒரு பங்குகூட இல்லை. நாடகம், கச்சேரி, நடனம், சில சமயம் படம்னு எது வந்தாலும் நிரம்பிப் போற அளவு.

பாரிஸ்: கபாலிடா!

'சின்ன அரங்கம்னா ஓகே, பெரிசா இருந்தா?'னு கேட்கிறீங்களா? அடுத்த ஸ்டாப் பாரிஸ். லு கிராண்ட் ரெக்ஸ். 1932 டிசம்பர்ல திறந்த சினிமா அரண்மனை. பெரிய ஹால்ல மட்டும் ஏறக்குறைய 2,700 பேர். அண்ணாந்து பார்த்தா கூரை முழுக்க நட்சத்திரம் மின்னும் ராத்திரி வானம், ரெண்டு பக்கமும் மத்தியதரைக் கடலோர ஊர் மாதிரி சுவர் அலங்காரம். கட்டினவர் ஜாக் ஹாய்க் என்ற தயாரிப்பாளர். சாப்ளின் படங்களைப் பிரான்ஸுக்குக் கொண்டு வந்து, 'ஷார்லோ'னு செல்லப் பேரும் வெச்ச ஆளு.

1981-ல் பிரான்ஸ் அரசு இதைப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அதுக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கலை. படமும் ஓடுது, கச்சேரியும் நடக்குது. 2019-ல் பாப் டிலன் பாடினார். 2020-ல் மடோனா வந்தார்.

நடுவுல 2016 ஜூலையில ஒருத்தர் வந்தார். யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம 'கபாலி'! 2017-ல் 'மெர்சல்'. பாரிஸ்ல வாழுற ஈழத்தமிழர்களும் புதுச்சேரித் தமிழர்களும் திரண்டு வந்து, அந்த நட்சத்திரக் கூரைக்குக் கீழே விசில் அடிச்சாங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. தங்கம் அளவுக்கே பெரிய அரங்கம் இது. ஆனா இது ஒரே படத்தை நம்பி உட்காரலை. ஒரு நாள் படம், ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் காமெடி ஷோ. ஒவ்வொரு நாளும் வேற வேற கூட்டம். ஒரு கூட்டம் வராத நாள்ல இன்னொரு கூட்டம் காப்பாத்திடும்.

நம்ம பள்ளத்தாக்குல?

'அதெல்லாம் மும்பை, பாரிஸ் பாஸ். இது தேனி'ங்கிறீங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சினிமாவுக்கு ஆளை அனுப்பி வெச்ச ஊர்கள்ல நம்ம ஊருக்குத்தான் முதல் வரிசை. அல்லிநகரத்துல இருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்துல இருந்து இளையராஜா, கங்கை அமரன்.

இவங்க நேரா சினிமாவுக்குள்ள குதிச்சவங்க இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊராப் போய்க் கச்சேரி மேடையில வாசிச்சவர். 1977-ல் '16 வயதினிலே' எடுக்கிறதுக்கு முன்னாடி பாரதிராஜா ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போட்டவர். மேடைதான் இவங்களுக்கு முதல் காலேஜ்!

இன்னிக்கு நம்ம காலேஜ் பசங்க நாடகம் போடணும்னா எங்கே போறது? கல்யாண மண்டபம் கேட்டா முகூர்த்த நாள்ல கிடைக்காது. கிடைச்சாலும் தரை சமமா இருக்கும். பின்னாடி உட்கார்ந்தவனுக்கு முன்னாடி இருக்கிறவன் தலைதான் நாடகம். காலேஜ் கிரவுண்டுல ஷாமியானா போட்டா, பேசுற வசனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காத்தோட கம்பம் வரைக்கும் போயிடும்.

பழைய தியேட்டர்ல இதுக்கெல்லாம் பதில் ரெடியா இருக்கு. பின்வரிசை உயர்ந்துக்கிட்டே போற சரிவான தரை, பால்கனி, ஆபரேட்டர் ரூம், டிக்கெட் கவுன்ட்டர், பார்க்கிங். ஆபரேட்டர் ரூமை அப்படியே லைட், சவுண்ட் கன்ட்ரோல் ரூம் ஆக்கிடலாம்.

இல்லாததும் சில இருக்கு. திரைக்கு முன்னாடி ஆழமான மேடை வேணும். நடிகர்கள் மறைஞ்சு நிக்க ரெண்டு பக்கமும் இடம் வேணும். மேக்கப் ரூம் வேணும். சினிமா தியேட்டர்ல எதிரொலி வராம இருக்கச் சுவத்துல மெத்தை மாதிரி பலகை அடிச்சிருப்பாங்க. மைக் வெச்ச கச்சேரிக்கு அது பிரமாதம். மைக் இல்லாத நாடகத்துக்குக் குரலை முழுங்கிடும். அதைக் கொஞ்சம் மாத்தணும். எல்லாத்துக்கும் மேல கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை அனுமதி, நிகழ்ச்சிக்கான லைசென்ஸ். செலவுதான். ஆனா புதுசா ஒரு அரங்கம் கட்டுற செலவோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒரேயடியா மாத்த வேண்டிய அவசியமும் இல்லை. படம் ஓடுற தியேட்டரிலேயே கூட்டம் வராத செவ்வாய், புதன் காலைக்காட்சி நேரத்தை வாடகைக்குக் கேட்கலாம். ஒரு குறும்பட விழா, ஒரு மெல்லிசைக் கச்சேரி, ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடி. ஓனருக்குக் காலி சீட்டுல காசு. உங்களுக்கு ஒரு நிஜ மேடை.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க ஊர்ல இப்போ ஓடுற தியேட்டர் எத்தனை, பூட்டினது எத்தனை, குடோனா மாறினது எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஒவ்வொண்ணையும் வெளியில இருந்து ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ராயல் ஓபரா ஹவுஸைத் திரும்பக் கட்ட உதவினது யாரோ எப்பவோ எடுத்து வெச்ச போட்டோதான்! அப்புறம் அடுத்த கல்ச்சுரல்ஸ் கமிட்டி மீட்டிங்ல, 'ஷாமியானா வேண்டாம், தியேட்டர் ஓனரைப் போய்ப் பார்ப்போம்'னு ஒருத்தர் எழுந்து சொல்லுங்க.

அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா, மேடையில முதல் கைத்தட்டல் உங்களுக்குத்தான்!