பாட்டு வளர்த்த காதல்: வாசகர்கள் சொன்ன தீர்ப்பு என்ன?

பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கிறது. புதிய மாணவி ஒருத்தி ஏறுகிறாள்.

சிவந்த சுருட்டை முடி. பருத்த உடம்பு. ஆண்பிள்ளைச் சட்டை. பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். உட்கார ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

ஜன்னல் ஓரமாக ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. எரிந்து விழுந்துகொண்டே நகர்ந்து உட்கார்ந்து, இடம் கொடுக்கிறான்.

அவள் பெயர் எலினார். அவன் பெயர் பார்க். அவனுடைய தகப்பனார் அமெரிக்கர். தாயார் கொரியா நாட்டுப் பெண். எலினாருக்கும் பார்க்குக்கும் வயது 16.

"எலினாரும் பார்க்கும்" என்ற அமெரிக்க நாவல் இப்படித்தான் தொடங்குகிறது.

இதை எழுதியவர் ரெயின்போ ரோவெல் என்ற பெண்மணி. "ரெயின்போ" என்றால் வானவில்! அமெரிக்காவில் ஒமாகா என்ற நகரத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள நாளிதழில் கட்டுரைகள் எழுதி வந்தவர். நாவல் 2012-ம் ஆண்டு இங்கிலாந்திலும், 2013-ம் ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தது. கதை நடப்பது அதே ஒமாகா நகரில், 1986-ம் ஆண்டில்.

இந்த நாவலைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. "இதைப் பள்ளிக்கூடத்தில் வைக்காதே!" என்று கொதித்து எழுந்தவர்களும் உண்டு.

ஏன்?

கேசட் பேசியது!

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும், இருவரும் பேசிக்கொள்வது இல்லை. பார்க் படக்கதைப் புத்தகம் படிப்பான். எலினார் ஓரக்கண்ணால் அதையே படிப்பாள். அவன் அதைக் கவனித்துவிட்டான். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் காத்திருப்பான்!

பிறகு புத்தகங்களை இரவல் கொடுத்தான். அதன்பிறகு பாட்டு!

எலினார் தன் பாடப் புத்தக அட்டையில் சில பாடல்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். அவை அவள் கேட்ட பாடல்கள் அல்ல. கேட்க ஆசைப்பட்ட பாடல்கள். இது தெரிந்ததும் பார்க் ஒரு கேசட்டில் பாடல்களைப் பதிவு செய்து கொடுத்தான். இங்கிலாந்தின் "ஸ்மித்ஸ்" கோஷ்டியார் போன்றவர்களின் பாடல்கள் அவை.

அந்தக் காலத்தில் இது லேசான வேலை அல்ல. ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பாட்டு ஓடி முடியும்வரை பக்கத்திலேயே இருந்து பதிய வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் நிறைய, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கேசட்டைக் கொடுப்பது, தன் நேரத்தையே கொடுப்பது போல!

கேசட் கிடைத்தது. கேட்பது எப்படி? எலினாரிடம் அதற்குக் கருவி இல்லை. இடுப்பில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் தன் "வாக்மேன்" கருவியை பார்க் கொடுத்தான். பாட்டரி வாங்க அவளிடம் காசு இல்லை. அதையும் கொடுத்தான்.

வீடா, நரகமா?

எலினாரின் தாய் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவள். அந்த மனிதன் குடிகாரன், முரடன். பெயர் ரிச்சி. ஒரு முறை எலினாரை வீட்டைவிட்டே விரட்டிவிட்டான். ஒரு வருடம் பிறர் வீட்டில் கிடந்தாள்.

திரும்பி வந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே அறை. குளியல் அறைக்குக் கதவு இல்லை. டெலிபோன் இல்லை. எலினாருக்குப் பல் துலக்க ஒரு பிரஷ்கூட இல்லை.

இரவில் பெரியவர்கள் போடும் சண்டை காதில் விழும். அப்போது அவள் காதுக்கு மருந்து, பார்க் கொடுத்த பாட்டுதான்!

எலினாரின் பாடப் புத்தகங்களில் யாரோ ஆபாசமாகக் கிறுக்கி வந்தார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளின் வேலை என்று அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் உண்மை தெரிந்தது. அது ரிச்சியின் கையெழுத்து!

அன்று இரவே எலினார் ஓடினாள். பார்க்கின் தகப்பனார் தன் வண்டியைக் கொடுத்து உதவினார். மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தில் இருந்த அவள் மாமா வீட்டில் பார்க் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பாராட்டு மழை

நாவல் வெளிவந்ததும் பாராட்டு குவிந்தது. இளைஞர்களுக்கான நாவல்களில் புகழ்பெற்ற ஜான் கிரீன், "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் 2013-ல் இதைப் புகழ்ந்து எழுதினார். 2014-ல், சிறந்த இளைஞர் நூலுக்கான "பிரின்ட்ஸ்" பரிசு வரிசையில் கௌரவ இடமும் கிடைத்தது.

வாசகர்களுக்கு இதில் பிடித்தது எது? கதாநாயகி அழகி அல்ல. கதாநாயகன் சூரன் அல்ல. பஸ்ஸில் கை கோத்துக்கொள்வதே பெரிய சம்பவம்! அதற்கு எத்தனையோ பக்கங்கள் காத்திருக்க வேண்டும். "முதல் காதல் இப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்களும் சொன்னார்கள்.

பெற்றோர் கொதித்தனர்

அதே 2013-ம் ஆண்டு, மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா வட்டாரத்தில் புயல் கிளம்பியது.

அங்குள்ள பள்ளிக்கூட நூலகர்கள் இந்த நாவலைக் கோடை விடுமுறையில் படிக்கும்படி மாணவர்களுக்குச் சொன்னார்கள். கட்டாயம் இல்லை; விரும்பியவர்கள் படிக்கலாம். செப்டம்பர் மாதம் ஆசிரியையை அழைத்துப் பேச வைக்கவும் ஏற்பாடு நடந்தது.

சில பெற்றோர் புத்தகத்தைப் புரட்டினார்கள். திடுக்கிட்டார்கள்! பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்தை! எண்ணிப் பட்டியல் போட்டார்கள். புத்தகத்தை எடுக்க வேண்டும், நூலகர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள்.

ஆசிரியையின் கூட்டம் ரத்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம்தான் அமெரிக்க நூலகங்களில் "தடை செய்யப்பட்ட புத்தகங்கள் வாரம்" கொண்டாடப்பட்டது!

பள்ளிக்கூட நிர்வாகம் ஒரு குழு அமைத்தது. குழுவினர் நாவலை முழுவதும் படித்தார்கள். "புத்தகம் நூலகத்திலேயே இருக்கட்டும்" என்று முடிவு சொன்னார்கள்.

சண்டை அதோடு ஓயவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் ஒவ்வொரு ஆண்டும், அதிக எதிர்ப்பைச் சந்தித்த 10 புத்தகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2016-ம் ஆண்டின் பட்டியலில் இந்த நாவல் 10-வது இடத்தில் இருந்தது. காரணம்: கெட்ட வார்த்தை.

யார் வாயில் வந்தது?

பெற்றோரின் கவலை பொய் அல்ல. கெட்ட வார்த்தைகள் புத்தகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. 16 வயதுப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று பார்ப்பது பெற்றோரின் கடமை.

ஆனால், அந்த வார்த்தைகளில் மிகவும் கேவலமானவை யார் வாயில் வருகின்றன? எலினாரை இம்சிக்கிறவர்கள் வாயில்! அவள் அந்த வார்த்தைகளைச் சொல்லி மகிழவில்லை. கேட்டுக் கேட்டுத் துடிக்கிறாள். ரிச்சியின் கிறுக்கலை நீக்கிவிட்டால், அவள் ஏன் ஓடினாள் என்பதே புரியாது.

அப்படிப்பட்ட வீட்டில் வாழும் பிள்ளைகள் நிஜமாகவே உண்டு. அவர்களுக்கு இந்த நாவல் கெட்டதைக் கற்றுக்கொடுக்கவில்லை. "உன்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாள், அவள் தப்பிவிட்டாள்" என்று சொல்கிறது. ஆசிரியையும் ஏறக்குறைய இதைத்தான் பதிலாகச் சொன்னார்.

தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று சொல்ல ஒரு தகப்பனாருக்கு உரிமை உண்டு. ஊரார் பிள்ளைக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொன்னபோதுதான் தகராறு வந்தது.

கொரியர்களின் குறை

இன்னொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அது வேறு விதம்.

கொரிய வம்ச வாசகர்கள் சிலர், "எங்களை இப்படியா காட்டுவது?" என்று கேட்டார்கள். "பார்க்" என்பது கொரியாவில் குடும்பப் பெயர்; பிள்ளைக்கு வைக்கும் பெயர் அல்ல. கொரிய ஜாடை தன் முகத்தில் இருப்பதை நினைத்து அந்தப் பையன் குறுகிப்போகிறான். அவன் தாயாரைப் பொம்மை போல வர்ணிக்கிறார்கள். இவையெல்லாம் மனதைப் புண்படுத்துகின்றன என்றார்கள்.

பார்க்கை ஏன் கொரியனாகப் படைத்தேன் என்று ஆசிரியை விளக்கம் எழுதினார். சிலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை.

இந்தக் குறையைச் சொன்னவர்கள் வார்த்தைகளை எண்ணவில்லை. புத்தகத்தைப் படித்து, அது சறுக்கிய இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள். நாவலை நேசித்தவர்களும் அதைக் கேட்டு யோசித்தார்கள்.

அந்த மூன்று வார்த்தை!

கடைசியில் என்ன ஆகிறது?

செயின்ட் பால் போன எலினார், பார்க்கின் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. மாதங்கள் ஓடுகின்றன. ஒருநாள் ஒரு தபால் அட்டை வருகிறது. அதில் இருப்பது மூன்றே வார்த்தை!

என்ன வார்த்தை? நாவலில் சொல்லப்படவில்லை. "நான் உன்னை நேசிக்கிறேன்" என்பதுதான் என்கிறார்கள் பலர். ஆங்கிலத்தில் அது மூன்று வார்த்தை. "இல்லை, அது வேறு" என்கிறார்கள் சிலர். "இப்படி முடித்து ஏமாற்றிவிட்டாரே!" என்று கோபித்தவர்களும் உண்டு.

புத்தகத்தை எதிர்த்தவர்கள் அதிலிருந்த வார்த்தைகளை எண்ணினார்கள். நேசித்தவர்களோ, அதில் இல்லாத மூன்று வார்த்தைகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!