வெள்ளித் தண்ணீரும் சைனா கிராஸ் தட்டும்

தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் கிருமி செத்துப்போச்சு என்று எங்கள் தெரு அண்ணாச்சி சத்தியமே செய்வார். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை முக்கி, 9 வோல்ட் பேட்டரிகளைக் கோத்து மின்சாரம் பாய்ச்சி, குடிப்பதற்காகக் கூழ்ம வெள்ளி தயாரித்திருந்தார். கோழி சூப்பில் சைனா கிராஸை (அகர்) காய்ச்சி மூடி போட்ட தட்டுகளில் உறையவிட்டு, விரலைத் தேய்த்து, ஒன்றில் மட்டும் வெள்ளித் தண்ணீர் விட்டாராம்.

"பாருங்க டீச்சர், இதுல ஒரு பொட்டு கூட இல்ல!"

உள்ளதுதான். வெள்ளி அயனி பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். சைனா கிராஸும் லேசுப்பட்டதல்ல. 1881 வாக்கில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு அது வந்ததே, பழ ஜெல்லி செய்யத் தெரிந்த ஃபேனி ஹெஸ்ஸே சொன்ன யோசனையால்தான்.

"மத்த தட்டுல வெறும் டிஸ்டில்டு வாட்டர் விட்டீங்களா?" விடவில்லை. கம்பி நகைக்கடையில் வாங்கியது. நகை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், செம்பும் கிருமியைக் கொல்லும். அப்படியானால் கொன்றது எது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெள்ளி அந்தத் தட்டிலேயே தங்கிவிடுவதால், உயிரோடிருக்கும் பாக்டீரியாவும் பெருகாமல் அடங்கிக் கிடக்கலாம். ஆய்வகத்தில் கிருமியையும் வெள்ளியையும் கலந்து வைத்து, குறித்த நேரம் கழிந்ததும் சோடியம் தயோகிளைகோலேட் சேர்த்து வெள்ளியைச் செயலிழக்க வைப்போம். அப்புறம்தான் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, தட்டில் பரப்பி, முளைத்ததை எண்ணுவோம். எத்தனை பிழைத்தன என்பது அப்போதுதான் தெரியும்.

அவருடைய வெள்ளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொன்னேன். லேசாகக் கலங்கியது. சில்வர் குளோரைடு! கரைந்திருந்த வெள்ளியில் பெரும்பகுதி அதில் மாட்டிக்கொண்டது. வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ரத்தத்திலும் குளோரைடு. தட்டில் கண்டதை வைத்துக் குடிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? தீக்காயத்துக்குச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தடவுவது வேறு சங்கதி.

அமெரிக்காவின் மொன்டானாவில் ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000 பிறக்கும்போது கணினிகள் குழம்பி ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, 1999இல் வீட்டிலேயே கூழ்ம வெள்ளி தயாரித்துக் குடிக்கத் தொடங்கினார். 2002இல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் தோல் நீலச் சாம்பல் நிறம். ஆர்ஜீரியா என்பார்கள், ஏறிய நிறம் இறங்காது. கூழ்ம வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என 1999இலேயே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துவிட்டது.

அண்ணாச்சி குடிப்பதை விட்டுவிட்டார், சோதனையை விடுவதாக இல்லை. விரலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒட்டியிருந்தால் சூப்பில் கோடிக்கணக்கில் பெருகும். ஆகவே தட்டுகளை பிளீச்சிங் கரைசலுக்குள் முக்கியபடியே மூடியைத் திறந்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பிறகு குப்பையில் போடச் சொன்னேன். சூப்பு காய்ச்சிய சட்டியை மதினி இன்னும் அடுப்படிக்குள் சேர்க்கவில்லை.