புகையும் மனச்சோர்வும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என ஊர் ஊராக வளம் சேர்த்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியைப் பற்றி நம் பள்ளி மலரில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் எழுதுவதுண்டு. நெல்லும் வாழையும் அல்வாவும் அக்கட்டுரையில் தவறாமல் இடம்பெறும். ஆனால் இதே ஆற்றுப் பாசனப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருக்கும் பீடியைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்கு நினைவில்லை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்றாலே பீடி சுற்றும் ஊர்கள் என்பது யாவரும் அறிந்ததே. எங்கள் வகுப்பிலேயே சிலருடைய கட்டணமும் சீருடையும் அம்மா மடியில் சுளகை வைத்துச் சுற்றும் பீடியிலிருந்து வருபவைதாம். மாலையில் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு அம்மாவுக்கு முடி மடக்கிக் கொடுக்கும் கைகளும் எங்களுக்குள் உண்டு. ஆகவே பீடியைத் திட்டி எழுத எங்களுக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை.

எங்களுக்கு இருந்தது ஒரு கேள்விதான். "மனசே சரியில்ல, ஒரு பீடி குடிச்சாத்தான் ஒரு நெலைக்கு வரும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது மெய்தானா? புகை துயரத்தை ஆற்றுமா?

இக்கேள்வி எங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களில் ஒருத்தியின் மாமா ஓர் ஆலையில் வேலை பார்த்து வந்தார். ஆலை மூடப்பட்டபின் வேறு வேலை அமையவில்லை. முதலில் தூக்கம் போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிறகு சாப்பாட்டில் நாட்டம் குறைந்தது. கோவிலுக்குப் போவதும் நின்றது. "நெஞ்சுக்குள்ள கல்ல வச்ச மாதிரி கனக்கு" என்பார். கூடியது ஒன்றே ஒன்றுதான். நாளொன்றுக்கு ஒரு கட்டாக இருந்த பீடி மூன்று கட்டாயிற்று. சிலர் சோம்பல் என்றார்கள், சிலர் விசுவாசம் குறைந்துவிட்டது என்றார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றவர்களும் உண்டு. நோய் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்கிறது மருத்துவம். துக்கம் எல்லாருக்கும் வரும், நாளடைவில் தணியும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டே கிடந்து, முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் மேலோங்கினால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். சாவதே மேல் என்ற நினைவு எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆண்களிடம் இந்நோய் பல வேளைகளில் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும். நம் ஊர்களில் உடல்வலியாகவும் வரும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்நோய்க்கு ஆளாகிறார். அப்படியானால் நம் கோவிலில் ஞாயிறு பூசைக்குக் கூடும் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இது வரும் என்போருக்கு எலியா இறைவாக்கினரை நினைவூட்ட விரும்புகிறோம். அரசர்கள் முதலாம் நூலில், அவர் பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, "போதும் ஆண்டவரே" என்ற நிலையில் தம் உயிரையே எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறார். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்கிறார். ஞானோபதேச வகுப்பில் இப்பகுதியைப் பலமுறை படித்திருந்தும், மாமாவின் நினைவோடு படித்தபோதுதான் இது எங்கள் கண்ணில் பட்டது.

இனிப் புகைக்கு வருவோம். பீடி இலை நம் ஊரில் விளைவதன்று. மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. தூள் குஜராத், கர்நாடகப் பக்கத்திலிருந்து வருகிறது. இலையை ஊறவைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை இட்டுச் சுற்றி, நூல் கட்டுவது மட்டுமே நம் வீடுகளில். ஒரு பீடியில் உள்ள புகையிலை ஒரு சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆனாலும் நஞ்சு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த இலை எளிதில் அணைந்துவிடும் ஆதலால், அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளே போகும் நிக்கோடினும் தாரும் சிகரெட்டுக்குச் சளைத்தவை அல்ல.

புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் நிக்கோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அது டோபமின் என்ற பொருளைச் சுரக்கச் செய்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கும்போதும், பசித்த வேளையில் சோறு கிடைக்கும்போதும் மனத்தில் ஒரு நிறைவு எழுகிறதே, அதில் பங்குகொள்ளும் பொருள் இது. ஆகவே புகைத்தவுடன் இதமாக இருப்பது பொய்யன்று. ஆனால் அந்த இதம் நிலைப்பதில்லை. இரத்தத்தில் உள்ள நிக்கோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நாள்தோறும் புகைப்பவருடைய மூளையோ நிக்கோடினை ஏற்கும் இடங்களைப் பெருக்கிக்கொண்டு, அது இல்லாமல் இருக்க முடியாதபடி மாறிவிடுகிறது. நிக்கோடின் குறையும் போதெல்லாம் எரிச்சல், பதற்றம், கவனமின்மை, மனவாட்டம் எல்லாம் தலைகாட்டும். அடுத்த பீடியைப் பற்றவைத்ததும் அவை அடங்கும்.

காலையில் எழுந்ததும் கடுகடுவென்றிருக்கும் ஒரு தாத்தா, முதல் பீடி முடிந்தபின் பேத்தியைக் கொஞ்சுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பீடிதான் அவரை நல்லவராக்கியது என்று வீட்டார் எண்ணுவார்கள். இரவெல்லாம் பீடி இல்லாததால் வந்த கடுகடுப்பைத்தான் அந்தப் பீடி போக்கியது. கந்துவட்டிக்காரரிடம் வட்டி கட்டுவதற்காக அவரிடமே மறுபடியும் கடன் வாங்குவது போன்றது இது. கையில் பணம் வந்தது போலத் தோன்றும். கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

மனச்சோர்வு உள்ளவர்கள் புகையை நாடுவது அதிகம். புகைப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவதும் அதிகம். வறுமை, பரம்பரை போன்ற பொதுக் காரணங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவதும் உண்டு. எது முந்தியது என்று ஒவ்வொரு மனிதரிடமும் பிரித்துச் சொல்வது கடினம். எனினும் ஒரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. 2014இல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜெம்மா டெய்லர் என்பவரும் அவர்தம் குழுவினரும் 26 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். புகையை விட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் விடாதவர்களைவிடக் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அவ்வாறே. மனச்சோர்வு மாத்திரைகளால் கிடைக்கும் நன்மைக்கு அது குறைந்ததன்று என்றும் எழுதியிருந்தார்கள். பீடிக் கட்டின் மேல் 2016 முதல் பெரிய எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். அதில் புற்றுநோய் தெரிகிறது. மனத்தைப் பற்றி எதுவும் காணோம். எங்கள் எண்ணத்தில் இதையும் போட வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. புகையை விட்டு ஏழு வாரம் முதல் ஒன்பது ஆண்டுகள் வரை சென்றபின் அளந்த கணக்கு அது. விட்ட முதல் சில நாட்கள் வேறு மாதிரியானவை. அந்நாட்களில் மனம் முன்னிலும் கெடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் படிப்படியாகச் சீராகும். இது தெரியாததால்தான் பல வீடுகளில் மூன்றாம் நாளே முயற்சி முறிந்துவிடுகிறது.

மாமா வீட்டிலும் அதுவே நடந்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம், இருதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன டாக்டர், "தூக்கம் எப்படி?" என்று கேட்டார். மாமா அழுதுவிட்டாராம். மனநல மருத்துவரிடம் போகச் சொன்னபோது, "எனக்கென்ன பைத்தியமா?" என்று ஒரு மாதம் போகவே இல்லை. பிறகு அத்தைதான் விடாமல் அழைத்துப் போனார்கள். மாத்திரை தொடங்கியது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இதற்கிடையே யாரோ கூறிய அறிவுரையால் பீடியை ஒரே நாளில் விட்டார். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை வீசி எறிந்தார். அத்தை, தாம் சுற்றி வைத்திருந்த கட்டிலிருந்தே ஒன்றை உருவி, "இந்தாங்க, இதைக் குடிச்சாவது சும்மா இருங்க" என்று நீட்டினார்கள். கட்டில் ஒன்று குறைந்ததற்குப் பீடிக்கடையில் பேச்சும் வாங்கினார்கள்.

அத்தையைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. நாள் முழுவதும் குனிந்தபடி தூளின் நெடியை முகர்ந்து, தலைவலியோடும் இருமலோடும் சுற்றி, அந்தக் கூலியில் வீட்டையும் நோயாளியையும் தாங்கியவர்கள் அவர்கள். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் மருத்துவம் சொல்வதே. அத்தையின் தூக்கத்தைப் பற்றி யாரேனும் கேட்டார்களா? நாங்களும் இக்கட்டுரைக்காகப் பேசப் போன பிறகே கேட்டோம்.

இரண்டாம் முறை மருத்துவரின் யோசனையோடு தொடங்கினார்கள். மனச்சோர்வு கண்டவர்கள் புகையை விட எண்ணினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். நிக்கோடின் பசை, வில்லை போன்றவை உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புப்ரோபியான் என்ற மருந்தே புகையை விடவும் உதவுவதாகக் கண்டு, 1997இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள். மேலும் புகையில் உள்ள சில பொருட்கள், சில மனநோய் மருந்துகளை உடலிலிருந்து விரைவில் வெளியேற்றிவிடும். புகையை நிறுத்தியதும் அம்மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். இதையெல்லாம் நாமே வீட்டிலிருந்து முடிவு செய்ய இயலாது.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட சேவை அது. புகையிலையை விட உதவும் எண் 1800-11-2356. 2018இலிருந்து இந்த எண் புகையிலைக் கட்டுகளிலேயே அச்சாகி வருகிறது. தினமும் அந்தக் கட்டுகளைக் காணும் எங்களுக்கே இது இப்போதுதான் தெரிய வந்தது!

மாமா பீடியை விட்டு இப்போது ஏழு மாதம் ஆகிறது. ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறார். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. தூளின் வாசனை வந்தால் நாக்கு இன்னும் இழுக்கிறது என்கிறார். அதனால் வாசல் திண்ணையில் இருந்த சுளகையும் தூள் டப்பாவையும் அத்தை பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வெளிச்சம் போதவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு விளக்குப் போட்டுத் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.